நின்று கேட்கும் திரை

என்னை அவன் முதுகில் குத்தினான் என்று சொன்னால் அது பொய். முன்னால் நின்றுதான் குத்தினான். மேடையில் மைக்கைப் பிடித்து, என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, பொன்னாடை போர்த்தி, சபையைக் கைதட்டச் சொல்லிவிட்டுக் குத்தினான். பொன்னாடை நல்ல தடிப்பு. குத்தியது உறைக்க எனக்குச் சில கிழமைகள் பிடித்தன.

நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கணக்குச் சோதனையில் என்னைப் பார்த்து எழுதினான். என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தான். அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு விளங்குகிற வேகம் எப்போதும் பழைய கணினியின் வேகம்தான்.

அவன் படித்து முன்னேறி, சிறுவர் நலன் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் திட்டப் பொறுப்பாளனாக வந்தான். நான் மென்பொருள் எழுதுகிறவன் ஆனேன். தேற்றாத்தீவில் என் அயலவர்களுக்கு இந்தத் தொழில் என்னவென்று விளங்கப்படுத்தும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். டிவி திருத்துகிறவன் என்று நினைக்கிறார்கள். ரிமோட்டைக் கொண்டுவந்து தருவார்கள், நானும் பற்றரியை மாற்றிக் கொடுப்பேன். என் வேலையில் ஆட்கள் முழுத் திருப்தியோடு திரும்பிப் போன சந்தர்ப்பங்கள் அவைதான்.

ஒருநாள் போன் எடுத்தான்.

"மச்சான், எங்கட உத்தியோகத்தர்மார் பாவிக்கிற சிஸ்டம் கிழடாப் போச்சு. அவங்க பாவம்டா. பாதி நாள் அதோட மல்லுக்கட்டியே போகுது. பழச எறிய ஏலாது, அதுக்கு மேல ஒரு நல்ல முகத்தப் போட்டுத் தாறியா?"

நல்ல முகம் கேட்டு என்னிடம் வந்த முதல் ஆள் அவன்தான். உடனே சம்மதித்தேன்.

அந்தப் பழைய மென்பொருள் எங்கோ ஒரு குளிர்நாட்டில் எழுதப்பட்டு, அங்கே பாவித்துச் சலித்த பிறகு, ஏதோ ஒரு உதவித் திட்டத்தோடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஒரு பிள்ளையின் விபரத்தைப் பதிவதற்குள் அது உத்தியோகத்தரைப் பலமுறை வெளியே தள்ளும். பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் எழுதியதெல்லாம் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் வீட்டில் வெப்பமூட்டும் வசதி உண்டா என்று கேட்கும். பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக முடியாது. இல்லை என்று சொன்னால், பிள்ளை ஆபத்தில் இருப்பதாகச் சிவப்புக் கோடு விழும். ஆகவே வாவியின் இரண்டு கரையிலும் உத்தியோகத்தர்கள் பார்த்த எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும், பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, வெப்பமூட்டி இருந்தது.

"பொய் இல்லத் தம்பி," என்றார் மிஸ். "அந்தக் கூரைக்குக் கீழ ஒருக்காப் போய் நிண்டு பாருங்க."

மிஸ்தான் அங்கே மூத்த கள உத்தியோகத்தர். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. சின்ன ஸ்கூட்டி ஒன்றில், வெயிலுக்குச் சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்வருவார். எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் கணவனும் மிஸ் என்றுதான் கூப்பிடுவாராக்கும் என்று நான் ஒரு பகிடி விட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

என் வேலையின் முதல் பாகம், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்ப்பது. எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே பெருமூச்சு விடுகிறார்கள், எந்தப் பொத்தானைத் தேடி அலைகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. தூக்கத்திலும் கதைக்கிறவன் என்று என் மனைவி முறைப்பாடு வைக்கிற என்னை, இப்படி ஒரு தொழிலில் கொண்டுபோய் விட்டவனை நான் எங்கே போய்த் தேடுவேன்.

வியாழக்கிழமை பின்னேரங்களில் வெவ்வேறு பிரிவு பார்க்கும் உத்தியோகத்தர்கள் எல்லோரும் அந்த அலுவலகத்துக்கு வந்து விடுவார்கள். அங்கேதான் இணையம் ஓரளவுக்கு இழுக்கும். ஒருவர் பதிவார். மற்றவர்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் திறக்கும்வரை திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு அவர்கள் செக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். செக்கு சுற்றும்போது தேநீர் ஊற்றுவார்கள். காத்தான்குடியிலிருந்து வருகிற ஒரு உத்தியோகத்தர், அண்ணன் என்ற முறையில் எல்லோருக்கும் அவர் நானா, வீட்டிலிருந்து தொதல் என்ற இனிப்பைக் கொண்டுவந்து வெட்டி வைப்பார். நான் வாய் திறக்கக் கூடாதென்ற விதி தொதலுக்குப் பொருந்தாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அப்படி ஒரு வியாழனில்தான் அந்தப் பிள்ளையின் கதை என் காதில் விழுந்தது.

வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், பத்து வயதுப் பெண்பிள்ளை. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் பிறருடைய வட்டையில் கூலிக்கு நிற்பவன். வட்டை என்றால் வயல்வெளி. வேலை முடிந்தால் குடித்துவிட்டு வரம்பிலேயே கிடப்பான். மிஸ் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஸ்கூட்டியை ஏற்றி, பலமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு அவர் திரையில் 'சிறுவர் இல்லத்தில் சேர்த்தல்' என்பதைத் தெரிவு செய்து அழுத்தினார். செக்கு சுற்றத் தொடங்கியது.

"எந்தப் புள்ள மிஸ் இது?" என்றார் நானா, தொதலை வெட்டிக்கொண்டே.

"அந்த அக்கரைப் புள்ளதான் நானா. ராவில தனியப் படுக்குது. ஹோமுக்குப் போடுறதத் தவிர வேற வழி தெரியல்ல."

"உம்மாட கூடப் பொறந்த ஆக்கள் ஒருத்தரும் இல்லியா?"

"ஒரு தங்கச்சி ஆரையம்பதியில இரிக்கா. எத்தின தரம் போன் எடுத்தும் எடுக்கிறா இல்ல. விருப்பமில்லப் போல."

"ஆரையம்பதி எண்டா, விடிய மீன் விக்க வாறவவா? பெரிய பொட்டு, ஊர் முழுக்கக் கேக்கிற வாய்?"

"ஓம், பொட்டுப் பெரிசு எண்டுதான் தாயும் சொன்னவ."

"அவவா மிஸ். அவவுக்கு எங்க போன் எடுக்க ஏலும்? கையெல்லாம் மீன். போன் இடுப்புல கிடந்து கத்தும், அவ அதவிடப் பெரிசாக் கத்துவா. நாளைக்கு விடிய சந்தைக்கு வாங்க, காட்டுறன்."

மிஸ் திரையைப் பார்த்தார். செக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து, கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அந்தப் பழைய மென்பொருளில் மனதை மாற்றிக்கொள்ள அது ஒன்றுதான் வழி.

அடுத்த கிழமை பிள்ளை சின்னம்மா வீட்டில் இருந்தது. சின்னம்மா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நாள் முழுக்க ஏசிக்கொண்டும் இருந்தாள் என்று மிஸ் சந்தோசமாகச் சொன்னார். ஏசுவதற்கு ஆள் இருக்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது மிஸ்ஸின் கணிப்பு.

நான் வீட்டுக்குப் போய் யோசித்தேன். எனக்குத் தரப்பட்ட வேலை அந்தச் செக்கை நிறுத்துவது. நிறுத்தவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பின்னேரம் செக்கு சுற்றியிராவிட்டால் நானா கேட்டிருக்க மாட்டார். கேட்டிராவிட்டால் பிள்ளை இல்லத்துக்குப் போயிருக்கும். மற்றப் பக்கங்களெல்லாம் பறக்கட்டும், ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும் மென்பொருள் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நின்று கேட்க வேண்டும். வேறொரு உத்தியோகத்தர் தன் இடத்திலிருந்து அதை வாசித்து, தானும் சம்மதம் என்று அழுத்தும்வரை ஒன்றும் நகரக் கூடாது.

அதற்கு நான் 'இரண்டாம் நிலை உறுதிப்படுத்தல்' என்று பெயர் வைத்துக்கொண்டு போனேன். மிஸ் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இது என்ன பாசை தம்பி? ஆரோட கதைச்சீங்க எண்டு கேளுங்க. அவ்வளவுதான்."

அப்படியே எழுதினேன். 'இதை யாரோடு கதைத்தீர்கள்?' என் வாழ்நாளில் நான் செய்த திரைகளில் ஒழுங்கானது அது ஒன்றுதான். அதையும் நான் எழுதவில்லை, மிஸ் சொன்னார்.

பொறுப்பாளனாக இருந்த அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் தன் வாகனத்தில் என்னைக் கல்குடாவுக்குக் கூட்டிப்போய், கடற்கரையில் பொரித்த மீனும் வாங்கித் தந்து, மெல்லக் கதையை எடுத்தான்.

"எல்லாத்தையும் வேகமாக்கிப்போட்டு, இந்த ஒரு இடத்தில ஏன்டா பிரேக்க வச்சிரிக்காய்?"

"பிரேக் இல்லாத வாகனத்தில உன்னக் கூட்டிப்போனா ஏறுவியா?"

"பகிடி விடாத. மேல இரிக்கிறவங்க வேகத்தத்தான் பாப்பாங்க."

"அப்ப அவங்களுக்கு அந்தப் புள்ளைட கதையச் சொல்லு. இது இல்லாட்டி மத்தது ஒண்டும் வேணாம், நான் எடுத்துக்கொண்டு போறன்."

கடைசி மீன் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டான். பிறகு மீன் எண்ணெய்க் கையோடு என் கையைப் பிடித்தான்.

"சரி மச்சான். அது இரிக்கும். என்ட பொறுப்பு."

நான் நம்பினேன். கையில் எண்ணெய் பிசுபிசுத்தது. கடல் தண்ணீரில் கழுவியும் போகவில்லை. அதைக்கூட நான் நட்பின் அடையாளம் என்று எடுத்துக்கொண்ட மடையன்.

பிறகு பயிற்சி நாள் வந்தது. வருடக்கணக்காக அந்தப் பழசிடம் அடிபட்டு, எந்தப் பொத்தானைக் கண்டாலும் விரலை இழுத்துக்கொள்கிற ஆட்கள் அவர்கள். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் என் பெரிய வேலையாக இருந்தது.

"பயப்படாதீங்க," என்றேன். "எதையும் அழுத்திப் பாருங்க. புள்ளைய வீட்டுல இருந்து எடுக்கிற இடம் வந்தா அதுவே நிண்டு கேட்கும். நீங்க இன்னொரு ஆளோட கதைக்காம ஒண்டும் போகாது."

"நிண்டு கேட்குமா?" என்றார் நானா.

"ஓம் நானா. என்ட வீட்டுல நான் ஒரு சாமான் வாங்கிக்கொண்டு போனா, ஆரோட கதைச்சிட்டு இத வாங்கின எண்டு வாசல்லயே ஒரு ஆள் நிண்டு கேட்கும். அதே மாதிரி."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுத்தினார்கள். திரை நின்றது. கேட்டது. மிஸ் அழுத்த, நானா பக்கத்துக் கணினியில் சம்மதமில்லை என்று போட, அது போகாமல் நிற்க, சின்னப்பிள்ளைகள் மாதிரி மாறி மாறி விளையாடினார்கள். விரல்களின் பயம் போய்விட்டது. என் பகிடிகள் வேலை செய்த நாள் அது.

திறப்பு விழாவும் பொன்னாடையும் அதற்குப் பிறகு நடந்தவை. முன்பு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்த வேலை இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடிகிறது என்று அவன் மேடையில் பேசினான். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இனி எல்லோரும் தங்கள் தங்கள் இடத்திலிருந்தே பதியலாம், வியாழக்கிழமைக்கு வரத் தேவையில்லை என்றும் சொன்னான். அதற்கும் தட்டினேன். தொதல் இனி இல்லை என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

சில கிழமை கழித்து மிஸ்ஸிடமிருந்து போன்.

"சேர், உங்களால ஒருக்கா ஒஃபிசுக்கு வர ஏலுமா?"

என்னை அவர் அதுவரை சேர் என்று கூப்பிட்டதில்லை. பகிடிக்குத்தான் கூப்பிடுகிறாராக்கும் என்று, "என்ன மிஸ், எனக்கும் பதவி உயர்வா?" என்றேன். அதை அவர் காதில் எடுக்கவில்லை. பிறகு விசயத்தைச் சொன்னார். ஆத்திரமில்லாமல், வரிசையாக, அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார்.

சின்னம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மறித்து, படுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளை தனிய இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். மிஸ் பிள்ளையின் விபரத்தைத் திறந்தார். அதை முன்னால் வைத்து நானாவோடு கதைக்க வேண்டும் என்று நினைத்தார். ஆனால் வியாழக்கிழமைக் கூட்டம்தான் இல்லையே. அதற்குப் பதிலாகத்தான் அந்தத் திரை இருக்கிறதே. அந்தத் திரை வர வேண்டுமென்றால் முதலில் 'சிறுவர் இல்லத்தில் சேர்த்தல்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால் நின்று கேட்கும், நானாவுக்குப் போகும், நானா சம்மதமில்லை என்பார், இருவருமாக ஒரு வழி பார்க்கலாம். அப்படி நினைத்து மிஸ் அழுத்தினார்.

அது நிற்கவில்லை. 'அனுப்பப்பட்டது. நன்றி' என்று வந்தது.

அந்த நன்றியை எழுதியவன் நான். பழசு யாருக்கும் நன்றி சொல்லாது, புதுசாவது மரியாதையாக நடக்கட்டும் என்று ஆசையாகச் சேர்த்தது.

மிஸ் உடனே இல்லத்துக்குப் போன் எடுத்திருக்கிறார். லைன் கிடைக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அதற்குள் வாகனம் வந்து, வகுப்பிலிருந்தே பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவசரமாகச் சேர்க்கப்படும் பிள்ளை என்று பதிவு நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. அங்கே போன பிறகு நீதவான் சொன்னால் மட்டுமே பிள்ளை வெளியே வரலாம்.

"இல்ல மிஸ்," என்றேன். "அப்படி நடக்க ஏலாது. அது நிக்கும். நானே எழுதினது."

"அப்ப வந்து பாருங்க சேர்."

பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுதி. மிஸ் எங்கேயோ வேறு பொத்தானை அழுத்தியிருப்பார். இதை நினைத்தபோது எனக்கே கூசியது. ஆட்கள் பிழை விடவில்லை, மென்பொருள்தான் பிழை என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்கிறவன் நான். என் மென்பொருள் என்றதும் ஆளில் பிழை தேடுகிறேன்.

அலுவலகத்தில் மிஸ்ஸும் நானாவும் இருந்தார்கள். நான் கணினியின் முன் உட்கார்ந்தேன். சோதிப்பதற்கு ஒரு பிள்ளை வேண்டும். இருக்கிற பிள்ளைகளைத் தொட மனம் வரவில்லை. என்னையே பதிந்தேன். என் பெயர், என் ஊர், என் வயது நாற்பத்திரண்டு. முறைப்பாடு என்ற இடத்தில், சொல்வழி கேட்பதில்லை என்று போட்டேன். வேறு நாளாக இருந்தால் மிஸ் சிரித்திருப்பார். சிறுவர் இல்லத்தைத் தெரிவு செய்து அழுத்தினேன்.

அனுப்பப்பட்டது. நன்றி.

"ஆள அனுப்பிப்போட்டுது," என்றார் நானா மெல்ல.

இன்னொரு முறை பார்த்தேன். அந்தத் திரை ஒளிந்திருக்கவில்லை, பழுதாகவும் இல்லை. அது இருந்த இடத்தை யாரோ துடைத்து, முன்னும் பின்னும் அழகாக ஒட்டியிருந்தார்கள். நல்ல வேலைக்காரன். தடயமே இல்லை.

மிஸ்ஸின் போன் அடித்தது. இல்லத்தின் மேற்பார்வையாளர். சத்தம் எனக்கே கேட்டது.

"மிஸ், இப்ப ஒரு புள்ள வருகுது எண்டு வந்திருக்கு. வயசு நாப்பத்திரண்டு எண்டு கிடக்கு. பிழையோ?"

"ஓம், பிழைதான்."

"அப்ப நான் எடுத்துவிடுறன். ஆள் இன்னும் வராததால பிரச்சினை இல்ல. மத்தப் புள்ளதான் மிஸ், சாப்பிடுதில்ல. சின்னம்மா செத்துட்டாவா எண்டு கேக்குது."

வயது சரிதானா என்று பார்க்கவும் நான் அந்த மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கு வெட்கப்படக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை.

நேரே அவனிடம் போனேன். குளிரூட்டிய அறை. சுவரில் திறப்பு விழாப் படம். அதில் பொன்னாடைக்குள் நான், திருவிழாவுக்கு அலங்கரித்த மாடு போலப் பல்லைக் காட்டிக்கொண்டு.

"அந்தத் திரைய ஏன் எடுத்தாய்?"

மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னான்.

"மேல இரிக்கிற ஆக்களுக்கு ஒருக்காச் செய்து காட்டினன் மச்சான். எல்லாம் பறந்துது. அந்த இடத்தில வந்து நிண்டுட்டுது. மத்த உத்தியோகத்தர் சம்மதம் சொல்லணுமாம். ஆளும் இல்ல அங்க. எல்லாரும் பாத்துக்கொண்டு இரிக்காங்க. என்னடா இது, வேகம் எண்டு சொல்லிப்போட்டு நிக்குது எண்டு சிரிக்காங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. வேற ஒரு ஆளப் பிடிச்சு எடுப்பிச்சன்."

"எப்ப?"

"விழாவுக்கு முதல் கிழமை."

"அப்ப எனக்குப் பொன்னாடை போத்தேக்க அது இல்ல."

"இல்ல."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி இரிக்கலாமே. அவங்களுக்காவது சொல்லி இரிக்கலாமே. நிண்டு கேட்கும் எண்டு நான் அவங்கட முகத்தப் பாத்துச் சொல்லி இரிக்கன்டா."

"சொன்னா நீ சண்டை பிடிப்பாய் எண்டு தெரியும். அதோட, குறைஞ்ச திரை இரிக்கிறதுதான் நல்ல மென்பொருள் எண்டு முதல் நாள் நீதானே எனக்குச் சொன்னாய்?"

சொன்னேன்தான். தேநீர் குடித்துக்கொண்டு, கெட்டிக்காரன் மாதிரிக் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன். இந்த முறையும் என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். இந்த முறையும் என்னைவிடக் கூடப் புள்ளி.

"அந்தப் புள்ளைக்கு என்ன செய்யப் போறாய்?"

"கோர்ட் பாத்துக்கொள்ளும். அறிக்கையில உத்தியோகத்தர்ட பிழை எண்டு போட்டாச்சு. சிஸ்டத்தில பிழை எண்டு ஒரு வசனமும் இல்ல. உன்ட பேர் ஒரு இடத்திலயும் வராது." குரலைத் தணித்தான். "உன்னக் காப்பாத்தத்தான் மச்சான் அப்படிப் போட்டது."

அதுவரை எனக்கு இருந்தது கோபம். அந்த வார்த்தையோடு அதுவும் போய்விட்டது. நான் அவனை நம்பினேன், மிஸ் என்னை நம்பினார். அந்த நம்பிக்கையை வைத்து அவன் மிஸ்ஸின் தலையை எடுத்து என் தலைக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்கிறான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறான். நன்றி சொல்வதற்குத்தான் என் மென்பொருள் இருக்கிறதே.

திரையைத் திருப்பிப் போடச் சொன்னேன். அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றான். நானே போட்டுத் தருகிறேன் என்றேன். கடவுச்சொல்லை மாற்றியாகிவிட்டது என்றான். அதற்குப் பிறகு அவன் என் போனை எடுக்கவில்லை.

நீதிமன்றத்தில் பிள்ளையின் தவணை வந்தபோது நானும் போனேன். வர வேண்டாம் என்று மிஸ் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் ஒரு பழைய கோட் போட்டுக்கொண்டு போனதால் பலபேர் என்னைச் சட்டத்தரணி என்று நினைத்து வழி விட்டார்கள். சின்னம்மா வந்திருந்தாள். காய்ச்சல் வாங்கிய உடம்பு, பொட்டு மட்டும் பழைய பருமன். நீதவான் ஒரு கேள்வி கேட்டால் அவள் மூன்று பதில் சொன்னாள். கத்தாமல் கதைக்கும்படி இரண்டு தரம் சொல்லப்பட்டது.

என்னிடம் நீதவான் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நீங்க செய்த மென்பொருளில பிழை எண்டு நீங்களே சொல்லுறீங்க?"

நான் செய்ததில் அந்தத் திரை இருந்தது, எடுத்தது நானில்லை என்று சொல்ல வாய் துடித்தது. அதையும் சொன்னேன். ஆனால் முதலில், "ஓம், ஐயா. மிஸ் அனுப்பச் சொல்லி அழுத்தல்ல. நிண்டு கேட்கும் எண்டு நான் சொன்னத நம்பித்தான் அழுத்தினவ," என்றேன். ஒரு பகிடியும் வரவில்லை. வந்திருந்தால் விழுங்கியிருப்பேன்.

பிள்ளையைச் சின்னம்மாவிடம் ஒப்படைக்கும்படி கட்டளை வந்தது. அறிக்கையில் மிஸ்ஸின் பெயருக்கு நேரே இருக்கும் வசனம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தது பரிசீலனையில் இருக்கிறதாம்.

கட்டளை வந்த அன்று பின்னேரமே இல்லத்துக்குப் போனோம். சின்னம்மா ஆட்டோவில் வந்திறங்கினாள். மிஸ் ஸ்கூட்டியில். பின்னால் நான், தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டோடு. வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். மெலிந்திருந்தது. கையில் துணிப்பை. சின்னம்மாவைக் கண்டதும் ஓடிவரும் என்று நினைத்தேன். ஓடவில்லை. முதலில் உயிரோடுதான் நிற்கிறாளா என்று பார்ப்பது போல நின்று பார்த்தது. சின்னம்மா ஏசத் தொடங்கிய பிறகுதான் பக்கத்தில் வந்தது.

பிறகு மிஸ்ஸைப் பார்த்துக் கேட்டது.

"நீங்கதானே என்ன அனுப்பின?"

"ஓம் மகள்," என்றார் மிஸ். "நாந்தான்."

நான் வாயைத் திறந்தேன். இல்லை, அது அப்படி இல்லை, ஒரு திரை இருந்தது, அதை ஒருவன் எடுத்துவிட்டான் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சும்மா இரிங்க."

மிஸ் பையை வாங்கக் கை நீட்டியபோது, பிள்ளை அதை மறுபக்கம் மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, சின்னம்மாவுக்கு அப்பால், உள்மூலையில் உட்கார்ந்தது.

ஆட்டோ வெளிக்கிட்டது. மிஸ் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லி இரிக்கலாமே மிஸ். நீங்க அனுப்பல்லயே."

"கம்ப்யூட்டர் அனுப்பினது எண்டு சொன்னா, அந்தப் புள்ள ஆரோட கோவிக்கிறது?" என்றார் மிஸ், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. "என்னோட கோவிக்கட்டும். நான் நாளைக்கும் அந்த வீட்டுக்குப் போற ஆள்."

ஏறினேன். ஆரையம்பதி வரைக்கும் மிஸ் அந்த ஆட்டோவை முந்தவுமில்லை, தூரம் போக விடவுமில்லை. பின்பக்கச் சீலைக்குள்ளால் பிள்ளையின் தலை தெரிந்தது. ஒருமுறையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. மிஸ் ஹோர்ன் அடிக்கவில்லை. நானும் வழி முழுக்க ஒரு வார்த்தை கதைக்கவில்லை.